பதிவேட்டில் இல்லாத வீடு

கரண்டியக்காவிடம் பலர் பலதும் கேட்டிருக்கிறார்கள். பக்குவம் கேட்டிருக்கிறார்கள், இன்னும் ஒரு கரண்டி கேட்டிருக்கிறார்கள், இருக்கிற வேலையை விட்டுவிட்டுத் தங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பல் டாக்டர் வீட்டுச் சமையலறைக்குள் குடையோடு நுழைந்த மனிதர் கேட்டதை அதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து, நறுக்கி வைத்திருந்த பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, நாளைக் காலையில் அவள் வெளிக்குப் போகும்போது சுண்டுவிரல் நகம் அளவுக்கு அதில் எடுத்து வைத்தால் போதும் என்றார்.

கரண்டியக்கா குப்பியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கையில் எடுத்தாள்.

“சமைக்கிற இடத்துல நின்னுகிட்டுக் கேக்குற பேச்சா இது?”

“சுகாதார ஆபீஸ்லேர்ந்து வரேங்க.”

“எங்கேர்ந்து வந்தா என்ன? எதை எங்க கேக்கணும்னு ஒரு முறை இல்ல?”

அந்தக் கரண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழ நீளக் காம்பு, இரும்பு, அடியில் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அதைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போவாள். அந்தந்த வீட்டுக் கரண்டியைத் தொடமாட்டாள். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவளே ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்வாள்.

வந்தவர் ஒல்லி. முப்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சோப்புக் கட்டி இருந்தது. அந்த நிமிடமே அவள் மனதில் அவருக்குச் சோப்புக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள். சோப்புக்காரர் இரண்டடி பின்வாங்கி, கதவை ஒட்டி நின்றுகொண்டு கேட்டார்.

“உங்களுக்கு டைபாய்டு காய்ச்சல் எப்பவாவது வந்திருக்கா?”

“எனக்குத் தும்மல்கூட வந்ததில்ல, தம்பி.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் அவள் புருஷன் காய்ச்சலில் போனான். துணைக்கு வந்து இருந்த தங்கை, ஆறு மாதம் கழித்து அதே கட்டிலில் அதே காய்ச்சலில் போனாள். மாத்திரை எதுவும் வராத காலம் அது. இருவருக்கும் கஞ்சி வைத்ததும் துடைத்துவிட்டதும் அவள்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எமன் இவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள். தன்னை ஏன் விட்டுவைத்தான் என்று அவளும் பல வருஷம் யோசித்தாள். அதற்குப் பிறகு அடுப்பைப் பார்க்கவே பிடிக்காமல், பதினெட்டு வருஷம் ஒரு சலவைக்கூடத்தில் துணி தேய்த்துவிட்டு, அதன் வாசலில் விற்ற ரொட்டியைத் தின்றுகொண்டு இருந்தாள். சலவைக்கூடம் மூடிய பிறகுதான் கரண்டியை மறுபடி வெளியே எடுத்தாள். எடுத்த கையில் அப்படி ஒரு ருசி இருந்தது. நாலு பேர் வயிற்றை நிறைக்கத்தான் தன்னை விட்டுவைத்திருக்கிறது என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தேறுதலின் மேல்தான் அவள் ஒவ்வொரு நாளும் எழுந்து அடுப்பு மூட்டினாள்.

சோப்புக்காரர் பையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்தார். அட்டையில் ‘வீடுவாரியாகக் காய்ச்சல் வரலாறு’ என்று எழுதியிருந்தது. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, வீடு, ஆள், வயது, காய்ச்சல் தொடங்கிய நாள், சமைத்தவர் என்று பிரித்திருந்தார். படிக்க ஆரம்பித்தார்.

போட்டோக் கடைக்காரர் வீடு, கரண்டியக்கா வேலைக்குச் சேர்ந்த இருபதாம் நாள் காய்ச்சல், நாலு பேர். மரவாடிக்காரர் வீடு, பதினெட்டாம் நாள், ஒன்பது பேர். தலைமையாசிரியர் வீடு, ஆறு பேர். வக்கீல் வீடு, மூன்று பேர். இப்படியே ஏழு வீடு. ஏழாவதாகப் பல் டாக்டர் வீட்டில் டாக்டரும் அவர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இப்போதுதான் கட்டிலை விட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். மொத்தம் முப்பத்தொரு பேர். கடைசிக் கட்டத்தில் முப்பத்தொரு தடவையும் ‘சமையல்காரி’ என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது.

அதில் எழுதாத ஒன்று உண்டு. காய்ச்சல் வந்த எந்த வீட்டிலும் கரண்டியக்காவின்மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. உறவுக்காரர்களே வாசலோடு திரும்பிப் போகும்போது, அவள் மட்டும் நாற்பது நாளும் கூடவே இருந்து கஞ்சி வைத்தாள். ஏழு வீட்டிலும் ஓர் உயிர் போகவில்லை. கஞ்சியின் மகிமை என்றார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிடுவார்கள், மூன்றாவது வாயில் நோயாளியை மறந்துவிடுவார்கள். போகும்போது வாசலில் நின்று, “இவங்க தேறினப்புறம் எங்க வீட்டுக்கு வந்துடுறியா?” என்று கேட்பார்கள். மரவாடிக்காரர் போட்டோக் கடைக்காரரைப் பார்க்கப் போனதும், தலைமையாசிரியர் மரவாடிக்காரரைப் பார்க்கப் போனதும், வக்கீல் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனதும் இப்படித்தான். நலம் விசாரிக்கப் போனவர்கள் சமையல்காரியோடு திரும்பினார்கள், சமையல்காரியோடு காய்ச்சலும் வந்தது.

“அது உங்க உடம்புல குடியிருக்கு. வீட்டு நாய் மாதிரின்னு வெச்சுக்குங்க. வீட்டுக்காரரைக் கடிக்காது. வர்றவங்களைக் கடிக்கும்” என்றார் சோப்புக்காரர்.

“என் சமையல் கொதிக்கிற கொதிப்புல நாயாவது நரியாவது.”

“கொதிச்சதுல ஒண்ணும் இல்ல. கடைசியில என்ன குடுப்பீங்க?”

அவள் பார்வை தானாகப் பழப் பாத்திரத்துக்குப் போனது. எல்லா வீட்டிலும் சாப்பாட்டின் கடைசியில் அவள் கொடுப்பது பழக்கலவை. நறுக்கிய பழத்தில் சர்க்கரை போட்டு, வெறும் கையால் பிசைந்து, சாறு விட்டதும் அப்படியே கிண்ணத்தில் போடுவாள். கரண்டியால் பிசைந்தால் பழம் நசுங்கும், கையால் பிசைந்தால் இளகும் என்பது அவள் கட்சி. பிசைவதற்கு முன் கையைத் தண்ணீரில் அலசுவாள். சோப்பு மட்டும் போடமாட்டாள். சோப்பு வாசனை பழத்தில் ஏறிவிட்டால் அதைத் தின்பதும் ஒன்று, வேட்டியைத் தின்பதும் ஒன்று. பதினெட்டு வருஷம் சலவைக்கூடத்தில் இருந்தவளுக்குச் சோப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சோப்புக்காரர் பையிலிருந்த கட்டியை எடுத்து நீட்டினார். அவள் கரண்டியை நீட்டினாள். அன்றைய விசாரணை அத்தோடு முடிந்தது.

மறுநாள் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். ஒருவர் அவளைப் பிடித்தார், ஒருவர் கரண்டியைப் பிடித்தார். பல் டாக்டர் வீட்டம்மா வாசல்வரை ஓடிவந்து வழியை மறித்தாள். காய்ச்சல் வராமல் தப்பித்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான், பழம் ஆகாது அவளுக்கு. “அடுப்புல பாதி வேலை கிடக்கு. முடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்களேன்” என்று போலீஸிடம் மன்றாடினாள்.

ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளுக்கு அந்தப் பக்கம், ஊர் முடிகிற இடத்தில், தொற்று நோய்க்காரர்களைத் தனியே அடைத்துவைக்க அரசாங்கம் கட்டிய ஒதுக்கு வீடு இருந்தது. ஆறு அறை, ஒரு காவலாளி, அரசாங்கம் நியமித்த ஒரு சமையல்காரன். அடைக்க ஆள் இல்லாமல் பல வருஷமாகச் சும்மா கிடந்த வீடு. காவலாளி அவளைக் கண்டதும் நிஜமாகவே சந்தோஷப்பட்டு, சுவரில் தொங்கிய விதிகளை வாசித்துக் காட்டினான். இங்கே இருப்பவர் நெருப்பைத் தொடக் கூடாது. கத்தியைத் தொடக் கூடாது. அடுத்தவர் தட்டைத் தொடக் கூடாது. கரண்டியை ஒரு கண்ணாடி அலமாரியில் பூட்டி, சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டினார்கள். அவள் அறையிலிருந்து பார்த்தால் அது தெரியும்.

அரசாங்கச் சமையல்காரன் நல்ல மனிதன். சமையல்தான் வராது. அவன் வைத்த எல்லாமே வேறு வேறு நிறத்தில் இருக்கும், ருசி ஒன்றுதான். உப்பை எட்ட நின்று எறிகிறானோ என்று அவளுக்குச் சந்தேகம். முதல் வாரம் பொறுத்தாள். இரண்டாம் வாரம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “தம்பி, தீயைக் குறை. மூடி வை. கிளறாதே, அது என்ன பாவம் பண்ணிச்சு?” என்று சொல்ல ஆரம்பித்தாள். பேசக் கூடாது என்று விதி இல்லையே. காவலாளி விதிப்பலகையை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, இல்லைதான் என்றான். அதற்குப் பிறகு அரசாங்கத்துச் சாப்பாடு கொஞ்சம் தொண்டையில் இறங்கியது.

செவ்வாயும் வெள்ளியும் சோப்புக்காரர் குப்பியோடு வருவார். ஒரு தடவை கிருமி இருக்கிறது என்று முடிவு வரும், அடுத்த தடவை இல்லை என்று வரும், அதற்கடுத்து மறுபடி இருக்கும். “உள்ள இருக்கிறது நாயா, அரசாங்க உத்தியோகஸ்தரா? பாதி நாள் சீட்டுலயே இல்லையே” என்றாள் அவள். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு புதிய சோப்பை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார். அவள் காகிதம்கூடப் பிரிக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். பதினோரு சோப்பு சேர்ந்தபோது அது ஒரு சின்ன மதில் மாதிரி இருந்தது.

அவர் சட்டென்று போய்விடுவதும் இல்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, பதிவேட்டைப் பிரிப்பார்.

“ஆரம்பம் எங்கன்னு தெரியலைங்க. அதுதான் என்னைத் தூங்கவிடல. சலவைக்கூடத்துல நீங்க சமைக்கல. அதுக்கு முன்னால?”

“அதுக்கு முன்னால சின்ன வயசு.”

“யாராவது உங்க கையால சாப்பிட்டிருப்பாங்களே.”

“எனக்கு யாரும் இல்ல, தம்பி.”

பொய் இல்லை அது. இப்போது யாரும் இல்லைதான். ஆனால் அன்றைக்கு அவர் எழுந்து குடையை எடுக்கும்போது அவளே கேட்டாள்.

“அது உள்ள வந்துட்டா எத்தனை நாள் இருக்கும்?”

“நாள் கணக்கு இல்லைங்க. இருபது வருஷம் இருக்கும், முப்பது வருஷம் இருக்கும். சில பேருக்குக் கடைசிவரைக்கும்.”

“வந்தது தெரியவே தெரியாதா?”

“ரெண்டு நாள் தலைபாரம் இருந்திருக்கும். வெயில்ல அலைஞ்சதுன்னு நினைச்சிருப்பாங்க.”

அவர் போன பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் இரண்டு நாள் தலைபாரம். வெயில் என்றுதான் அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டாள். சோப்புக்காரர் வந்துபோன அன்று மாலை அவள் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அரசாங்கச் சமையல்காரன் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதினான்.

இதற்கிடையில் ஊருக்குள் ஏழு வீட்டாரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நாள் காய்ச்சலுக்குப் பிறகு வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. பல் டாக்டர் வீட்டம்மா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, எங்கள் சமையல்காரியை எங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு மனு தயார் செய்தாள். வக்கீல் அதை எடுத்து நடத்த முன்வந்தார். யார் வீட்டுக்கு எந்தக் கிழமை அவள் வர வேண்டும் என்றுகூடப் பேசி முடித்துவிட்டார்கள். ஏழு வீடு, ஏழு கிழமை. கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்தது என்றார் தலைமையாசிரியர்.

விசாரணைக்கு முதல்நாள் வக்கீல் ஒதுக்கு வீட்டு ஜன்னலுக்கு வந்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் தலையில் ஒரு முடி இல்லை. தொப்பி போட்டிருந்தார்.

“நாளைக்கு நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கேட்டா ஒரே ஒரு பதில். உங்க சொந்தத்துல யாருக்காவது இந்தக் காய்ச்சல் வந்திருக்கா?”

அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு யாரும் இல்ல” என்றாள்.

“அதுவே போதும். ‘யாருக்கும் வரல’ன்னு சொல்லுங்க. நாளை மறுநாள் கரண்டி உங்க கையில இருக்கும்.”

சுகாதார அலுவலகத்தின் பெரிய கூடத்தில் விசாரணை. ஒரு மூலையில் கை கழுவும் தொட்டி, நடுவில் நீள மேஜை, மேஜையில் பெரிய அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கேரியர். கரண்டியைச் சீட்டோடு கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தார்கள். நாலு நாற்காலி தள்ளி, தனியாகப் போட்ட ஒரு ஸ்டூலில் கரண்டியக்கா உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வீட்டாரும் உள்ளே வந்தார்கள். இந்தக் காய்ச்சல் போகும்போது முடியையும் கூட்டிக்கொண்டு போகும். தொப்பி, துண்டு, முக்காடு என்று கிடைத்ததைப் போட்டு மூடிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் இரண்டு வீட்டாருக்கு மட்டும் கோழிக்குஞ்சு மாதிரி புதுமுடி முளைத்திருந்தது. மற்றவர்களில் தலைமையாசிரியரின் மாமியார் இரவல் முடி வைத்திருந்தார். நாடகக் கம்பெனியில் கேட்டு வாங்கியது போலிருக்கிறது, இடுப்புவரை தொங்கிய ராணி முடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இங்கே முப்பத்தொரு பூசணிக்காய்.

தங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சலே வரவில்லை என்று முப்பத்தொரு பேரும் சத்தியம் செய்தார்கள்.

சோப்புக்காரர் பதிவேட்டோடு எழுந்தார்.

“ஆறு பேரும் நாற்பது நாள் படுத்திருந்தீங்களே?” என்று தலைமையாசிரியரைக் கேட்டார்.

“அது களைப்பு. பரீட்சை நேரம்.”

“உங்க மாமியாரும் பரீட்சை எழுதினாங்களா?”

“மேற்பார்வை.”

மரவாடிக்காரர், மொட்டை போட்டதற்குப் பேன்தான் காரணம் என்றார். ஒன்பது பேருக்குமா என்று கேட்டதற்கு, பேன் ஆள் பார்த்து ஏறாது என்றார். போட்டோக் கடைக்காரரிடம், அவரே எடுத்த இரண்டு குடும்பப் போட்டோக்களைக் காட்டினார் சோப்புக்காரர். ஒன்றில் எல்லோருக்கும் முடி, இன்னொன்றில் ஒருவருக்கும் இல்லை. அவர் இரண்டையும் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல வெளிச்சம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு” என்றார். பல் டாக்டரைக் கேட்டதற்கு வாயைத் திறக்கவே இல்லை. ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர் அவர்.

பிறகு வக்கீல் எழுந்தார். உணர்ச்சிவசத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“ஐயா, சமையலுக்கும் காய்ச்சலுக்கும் என்னங்க சம்பந்தம்? இவர் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறாரு.”

முப்பத்தொரு பேரும் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய அதிகாரி இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். வக்கீல் விடவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன பெரியவர்கள், உப்பிட்டவரை ஊர்க்கோடியில் பூட்டச் சொல்லவில்லை என்றார். அப்புறம் கடைசிக் கேள்விக்கு வந்தார்.

“உங்க பதிவேட்டுல முதல் வீடு எது?”

“போட்டோக் கடைக்காரர் வீடு” என்றார் சோப்புக்காரர்.

“அதுக்கு முன்னால?”

“சலவைக்கூடம். அங்க இவங்க சமைக்கல.”

“அதுக்கும் முன்னால?”

“தெரியலைங்க. அந்தப் பக்கம் காலியா இருக்கு.”

“ஐயா, இதைத்தான் நான் சொல்றேன். இந்தம்மா கையில விஷம் இருந்தா அது முதல்ல யாருக்கு வந்திருக்கணும்? கட்டினவனுக்கு. கூடப்பிறந்தவங்களுக்கு. இவங்க கையால முதல்ல சாப்பிட்டது அவங்கதானே? அந்தப் பக்கம் காலின்னா, அங்க காய்ச்சல் இல்லைன்னு அர்த்தம். அங்க இல்லாதது இங்க எப்படி வரும்?”

பெரிய அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது. சாப்பாட்டு நேரம் தாண்டி முக்கால் மணி ஆகியிருந்ததும் ஒரு காரணம். அவர் கேரியரின் கொக்கியைத் தளர்த்திக்கொண்டே கரண்டியக்காவின் பக்கம் திரும்பினார்.

“நீங்களே சொல்லுங்கம்மா. உங்க சொந்தத்துல யாருக்காவது இந்தக் காய்ச்சல் வந்ததுண்டா?”

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பல் டாக்டர் வீட்டம்மா, இல்லை என்று சொல்லும்படி தலையைப் பலமாக ஆட்டிக் காட்டினாள். கரண்டி நாலு நாற்காலி தூரத்தில் இருந்தது.

இல்லை என்ற ஒரு சொல் போதும். நாளைக்கு வியாழன், தலைமையாசிரியர் வீடு. அவள் சமைப்பாள், நாலு பேர் வயிறு நிறையும், அவளை விட்டுவைத்ததற்கு ஓர் அர்த்தம் இருக்கும். அந்த இரண்டு பேரும் எங்கிருந்தோ வந்த ஏதோ ஒரு காய்ச்சலில் செத்தவர்களாகவே இருப்பார்கள். இருபது வருஷம் அப்படித்தானே இருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, பயமாக இருந்தது. போலீஸ்காரர் கையைப் பிடித்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

அவள் தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

“இருந்தாங்க” என்றாள்.

வக்கீல் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

“என் வீட்டுக்காரரு. கல்யாணமாகி பதினோராம் மாசம். அப்புறம் என் தங்கச்சி. நான் தனியா இருக்கேனேன்னு துணைக்கு வந்தவ. அவளுக்குப் பழம்னா உசிரு. வந்த நாள்லேர்ந்து தினமும் பிசைஞ்சு குடுத்தேன். காய்ச்சல் வந்து நாக்கு கசக்குதுன்னு சொன்னப்புறம், ஊட்டியே விட்டேன்.” சோப்புக்காரரைப் பார்த்தாள். “வீட்டு நாய் வீட்டுக்காரங்களைக் கடிக்காதுன்னீங்க, தம்பி. என் வீட்டுல அவங்களைத்தான் கடிச்சுது.”

முதலில் தலைமையாசிரியரின் மாமியார் இரவல் முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தொப்பிகளும் துண்டுகளும் ஒவ்வொன்றாக இறங்கின.

பல் டாக்டர் வீட்டம்மா மட்டும் எழுந்து, “சரி, அது எப்பவோ நடந்தது. இனிமே பழம் மட்டும் வேண்டாம்னா போதாதா? மத்ததெல்லாம் கொதிக்கிறதுதானே?” என்றாள். சட்டப்படி அதில் கொஞ்சம் பொருள் இருந்தது. பெரிய அதிகாரியே சோப்புக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

“வேண்டாம்மா” என்றாள் கரண்டியக்கா.

அவள் எழுந்து மேஜையருகே போனாள். கரண்டியைத் தாண்டி, சோப்புக்காரரின் சட்டைப் பையிலிருந்த கட்டியைக் கேட்டுக் கைநீட்டினாள். அவர் எடுத்துக் கொடுத்தார். மூலைத் தொட்டிக்குப் போய்க் காகிதத்தைப் பிரித்து, கையைக் கழுவினாள். முழங்கைவரை நுரை போட்டுக் கழுவினாள். குழாயை மூடிவிட்டு, மறுபடி திறந்து இன்னொரு தடவை கழுவினாள். சலவைக்கூடத்து வாசனை கூடம் முழுக்க அடித்தது. பெரிய அதிகாரி கேரியரை மூடிவிட்டார்.

ஈரக் கையோடு அவள் திரும்பி வந்தபோது, சோப்புக்காரர் பதிவேட்டின் முதல் பக்கத்துக்கும் முந்திய வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ நாள் தேடிய ஆரம்பம் கிடைத்துவிட்டது.

“பேர் சொல்லுங்க” என்றார்.

புருஷன் பேரைச் சொன்னாள். தங்கை பேரையும் சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் வாயில் வராத பேர், வந்தபோது ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற குரலிலேயே வந்தது. வயது கேட்டார், சொன்னாள். தேதி கேட்டார், இரண்டு தேதியும் கிழமையோடு சொன்னாள்.

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை.

“எழுதுங்க, தம்பி. மத்த வீட்டுக்கெல்லாம் எழுதினீங்களே.”

“இங்க நீங்க சமையல்காரி இல்லையே” என்றார் அவர்.

அவள் மேஜையில் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். சமைத்தவர். ஈர விரலை முதல் வரியின்மேல் வைத்தாள்.

“இங்க பொண்டாட்டின்னு போடுங்க” என்றாள். விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். “இங்க, அக்கா.”